பழைய லேசர்ஜெட் 1020 பிரிண்டரை விண்டோஸ் 11-இல் ஓட வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் புது கம்ப்யூட்டருக்கு மாறியவர்கள் பலர், வீட்டிலோ கடையிலோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் அதிகம் பார்ப்பது எச்பி லேசர்ஜெட் 1020, 1020 பிளஸ். இரண்டுக்கும் டிரைவர், அதாவது கணினியைப் பிரிண்டரோடு பேச வைக்கும் மென்பொருள், ஒன்றுதான். 12ஏ டோனர் போடும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைத் தெரியாதவர்கள் குறைவு.

இதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். புதிதாக முயல்பவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். கேபிளை முதலில் செருகிவிட்டு, டிரைவரைப் பிறகு தேடி, நடுவில் நான்கு பிரிண்டர் ஐகான்களை உருவாக்கிவிட்டு, எது வேலை செய்கிறது என்று தெரியாமல் நிற்பார்கள். உங்களுடையது வேறு மாடல் என்றால் 2-ஆம் பகுதியைப் படித்துவிட்டு 10-க்குப் போங்கள்.

1. முதலில் பிரிண்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்

மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பிரிண்டர் என்றால் மென்பொருளைத் தொடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். காட்ரிட்ஜை வெளியே எடுத்து வெளிச்சம் படாமல் ஒரு துணியால் மூடி வையுங்கள். அதிலுள்ள டிரம் என்ற உருளை மீது வெளிச்சம் அதிக நேரம் பட்டால் பிரிண்டில் கறை விழும். தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் தூசி இருந்தால், லேசாக ஈரமாக்கிய, நூல் பிரியாத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தாளை எடுக்க மறுக்கும் பிரிண்டரை "டிரைவர் சரியில்லை" என்று நினைத்து இரண்டு நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1020-இன் மேல் இரண்டு விளக்குகள் மட்டுமே இருக்கும், பொத்தான் கிடையாது. அதனால் கணினி இல்லாமல் சோதனைத் தாள் எடுக்க முடியாது. ஆன் செய்தபின் பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் போதும். ஆரஞ்சு விளக்கு சிமிட்டினால் மூடி திறந்திருக்கிறது, தாள் இல்லை, தாள் சிக்கியிருக்கிறது, அல்லது காட்ரிட்ஜ் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கேபிளையும் இப்போதே பாருங்கள். இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். ஐந்து மீட்டருக்கு மேல் யுஎஸ்பி 2.0 கேபிளை நம்ப முடியாது.

2. இந்தப் பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை இந்தப் பகுதியில் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சில பிரிண்டர்களுக்குப் பொதுவான ஒரு பிரிண்ட் மொழி தெரியும். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழி தெரிந்த பிரிண்டரிடம் "இந்த எழுத்தை இந்த இடத்தில் போடு" என்று சொன்னால், அதுவே படித்துப் போட்டுக்கொள்ளும். 1020 அப்படியல்ல. பக்கத்தை முழுவதும் புள்ளிகளாக வரைந்து கொடுப்பது கணினியின் வேலை, அந்தப் புள்ளிகளைத் தாளில் ஏற்றுவது மட்டுமே பிரிண்டரின் வேலை. அதில் இருக்கும் நினைவகமே 2 எம்பிதான். அதனால் எந்தப் பொது டிரைவரும் இதற்கு உதவாது, இதற்கென்று எழுதிய டிரைவர்தான் வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், இந்த மாடலில் நிரந்தரமாகப் பதிந்திருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியில் உள்ள டிரைவர்தான் அதை யுஎஸ்பி வழியாக ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும், அனுப்பும் பிரிண்டையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் தாள் வராது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒருநாள் போனில் கேட்டார்: "தம்பி, பச்சை லைட்டு எரியுது. கம்ப்யூட்டரும் பிரிண்ட் ஆயிடுச்சுன்னு சொல்லுது. பேப்பர் மட்டும் வரலையே?" "சார், பிரிண்டரை ஆஃப் பண்ணிட்டு பத்து வரைக்கும் எண்ணுங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க" என்றேன். போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது: உள்ளே மோட்டார் சில விநாடி சுழன்று அடங்கும் ஒலி. ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. அவர் அனுப்பியிருந்த கடிதம் அடுத்த நிமிடம் வந்தது. அந்த ஒலியைக் காதில் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன குறிப்பு: தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தை வரைவது கணினி என்பதால், அங்கே அந்த எழுத்துரு இல்லை என்றுதான் பொருள்.

3. கணினியில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்

முதலாவது, பிராசசர் எந்த வகை என்பது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் தெரியும். எக்ஸ்64 என்றிருந்தால் கவலையில்லை. ஆர்ம் என்று இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள், ஏனென்றால் ஆர்ம் கணினிக்கு ஆர்ம் டிரைவர்தான் வேண்டும். சாதாரண செயலிகளை அது எப்படியோ ஓட்டிக்கொள்ளும், டிரைவரை ஓட்டாது. நீங்கள் நேராக 9-ஆம் பகுதிக்குப் போகலாம்.

இரண்டாவது, விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பிரிண்டரோடு வந்த பழைய சிடியை எடுத்துப் போடாதீர்கள். பாதி நிறுவி நின்றுபோய், மிச்சங்களை விட்டுவிட்டுப் போகும்.

மூன்றாவது, "விண்டோஸ் புரொடெக்டெட் பிரிண்ட் மோட்". விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து வந்த வசதி இது. இதை ஆன் செய்தால் பிற நிறுவனங்களின் டிரைவர்கள் எதுவும் இயங்காது. இயல்பாக ஆஃப்-இல்தான் இருக்கும், ஆனால் அலுவலகக் கணினிகளில் ஆன் செய்திருக்கலாம். செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் கீழே பாருங்கள்.

4. முன்பு செய்த முயற்சிகளின் மிச்சத்தைத் துடையுங்கள்

ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்தவர்களுக்கு மட்டும் இந்தப் படி.

யுஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் 1020 என்று இருப்பதையெல்லாம், "காப்பி 1" என்று முடிவதையும் சேர்த்து, நீக்குங்கள். ஆனால் இதோடு டிரைவர் போய்விடாது. "பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ்" திறந்து, டிரைவர்ஸ் தாவலில் பழையதைத் தேர்ந்தெடுத்து, ரிமூவ் கொடுங்கள். "டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்" என்ற இரண்டாவது தேர்வைச் சொல்லுங்கள். முதல் தேர்வைச் சொன்னால் கோப்புகள் உள்ளேயே இருந்து, அடுத்த முறை அதே பழுதான டிரைவரையே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

"இன் யூஸ்" என்று மறுத்தால், சர்வீசஸ் பட்டியலில் "பிரிண்ட் ஸ்பூலர்" (பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சேவை) மீது ரீஸ்டார்ட் கொடுத்து உடனே மறுபடி முயலுங்கள். தேங்கி நிற்கும் பழைய பிரிண்டுகள் இருந்தால் ஸ்பூலரை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். அப்புறம் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

5. டிரைவரை எங்கே எடுப்பது

மூன்றே இடங்கள், இந்த வரிசையில்.

முதலில் தயாரிப்பாளரின் சொந்தத் தளம். உங்கள் விண்டோஸுக்கு எதுவும் இல்லை என்று சொன்னால், இயங்குதளத்தை மாற்றும் இடத்தில் விண்டோஸ் 10 64-பிட் அல்லது விண்டோஸ் 7 64-பிட் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேட வேண்டியது "ஹோஸ்ட் பேஸ்டு பிளக் அண்ட் பிளே" டிரைவர். 1018, 1020, 1022 மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகுப்பாக இருக்கும். விண்டோஸ் 7-க்கு எழுதிய 64-பிட் டிரைவர் 11-இலும் ஓடுகிறது.

இரண்டாவது, விண்டோஸ் அப்டேட் வழி. பிரிண்டர் சேர்க்கும் பெட்டியில் "விண்டோஸ் அப்டேட்" என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தியதும் பட்டியல் நிரம்பப் பல நிமிடங்கள் ஆகும். பெட்டி உறைந்துபோனது மாதிரி தெரியும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து மூடிவிடுகிறார்கள். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக். மாடல் பெயரைத் தேடி, 64-பிட் கேப் கோப்பை (சுருக்கிக் கட்டிய கோப்பு) இறக்கி, 7-ஜிப் கொண்டு ஒரு ஃபோல்டரில் விரித்து வையுங்கள்.

இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் வேண்டாம். தேடினால் மேலே வருகிற "இலவச டிரைவர்" தளங்களில் ஒன்றிலிருந்து ஒரு மாணவி இறக்கிய கோப்பு, அவள் லேப்டாப்பில் விளம்பரங்களை நிரப்பியது. அதைச் சுத்தம் செய்ய ஒரு மாலை முழுக்கப் போனது. டிரைவர் என்பது கணினியின் உள்ளே ஆழமாக உட்காருவது. டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து விண்டோஸ் மறுத்தால் அந்தச் சரிபார்ப்பை அணைக்காதீர்கள், வேறு இடத்திலிருந்து நல்ல பிரதியை எடுங்கள்.

கிடைத்ததும் ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். பிற நிறுவனப் பிரிண்டர் டிரைவர்களைத் தன் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது.

6. கேபிளை எப்போது செருகுவது

இதற்கு இரண்டு வழி, இரண்டு வரிசை. அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

தயாரிப்பாளரின் நிறுவியைப் பயன்படுத்தினால் கேபிள் கடைசியில். அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுவியை ஓட்டுங்கள். செருகச் சொல்லிக் கேட்டால் அப்போது செருகி, பிரிண்டரை ஆன் செய்யுங்கள். கேட்காமலே முடிந்தால், முடிந்த பிறகு செருகுங்கள். முன்பே செருகியிருந்தால், டிரைவர் வருவதற்குள் விண்டோஸ் அதை வேறு எதுவாகவோ பதிந்துகொள்ளும்.

அப்டேட் வழியோ, விரித்து வைத்த ஃபோல்டரோ என்றால் கேபிள் முதலில். ஏனென்றால் "யுஎஸ்பி001" என்ற போர்ட், அதாவது பிரிண்டர் இணையும் வாயிலுக்கு விண்டோஸ் வைக்கும் பெயர், பிரிண்டரை ஒருமுறையாவது செருகிய பிறகுதான் பட்டியலில் தோன்றும். செருகி, ஆன் செய்து, ஒரு நிமிடம் விடுங்கள். பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் "ஆட் டிவைஸ்" கொடுத்துக் காத்திருந்தால், கையால் சேர்ப்பதற்கான இணைப்பு கீழே வரும். அதில் "லோக்கல் பிரிண்டர்" தேர்வைச் சொல்லி, ஏற்கெனவே உள்ள போர்ட் வரிசையில் யுஎஸ்பி001-ஐத் தேர்ந்தெடுங்கள். எல்பிடி1 என்று முதலில் காட்டுவதை அப்படியே விட்டு நெக்ஸ்ட் கொடுப்பது மிகப் பொதுவான தவறு. அடுத்த திரையில் அப்டேட் வழி என்றால் "விண்டோஸ் அப்டேட்", விரித்து வைத்த ஃபோல்டர் என்றால் "ஹேவ் டிஸ்க்" கொடுங்கள்.

சில புதுக் கணினிகளில் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் 1020 சரியாகப் பேசாது. கறுப்புத் துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 ஹப் வையுங்கள்.

7. முதல் பிரிண்டுக்கு முன் மாற்ற வேண்டியவை

தாள் அளவு. விண்டோஸை அமெரிக்க அமைப்பில் நிறுவியிருந்தால் இயல்பாக "லெட்டர்" இருக்கும். அது 216-க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210-க்கு 297. ஓரத்தில் எழுத்து வெட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய் "பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்" வழியாக ஏ4 என மாற்றுங்கள். "பிரிஃபரன்சஸ்" வழியாக மாற்றினால் உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் மாறும்.

இயல்பான பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் தேர்வை ஆஃப் செய்துவிட்டு, 1020-ஐ நீங்களே டிஃபால்ட் ஆக்குங்கள். ஒருமுறை பிடிஎஃப்-ஆகச் சேமித்ததும் அதையே டிஃபால்ட் ஆக்கிக்கொண்டு விண்டோஸ் படுத்தும்.

அப்புறம் ஜெனரல் தாவலில் சோதனைப் பக்கம் எடுங்கள். அது வந்தால்தான் வேர்டுக்கோ பிடிஎஃபுக்கோ போக வேண்டும்.

8. பிரிண்ட் போகிறது, தாள் வரவில்லை

பிரிண்டுகள் காத்திருக்கும் வரிசையிலிருந்து (கியூ) பிரிண்ட் மறைந்தும் தாள் வராவிட்டால் ஃபர்ம்வேர் ஏறவில்லை. கணினி முழுவதும் ஆன் ஆன பிறகு பிரிண்டரை ஆஃப் செய்து, பத்து விநாடி விட்டு ஆன் செய்யுங்கள். மோட்டார் ஒலி வரவில்லை என்றால் டிரைவருக்குப் பிரிண்டரே தெரியவில்லை. கேபிளையும் யுஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள்.

வரிசையிலேயே பிரிண்ட் நின்றால் அநேகமாகப் போர்ட். துளையை மாற்றிச் செருகினால் விண்டோஸ் யுஎஸ்பி002 என்று புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும், பிரிண்டர் யுஎஸ்பி001-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். போர்ட்ஸ் தாவலில் டிக்கை மாற்றினால் போதும், மறுபடி நிறுவ வேண்டாம். எந்தத் துளை சரியாக வேலை செய்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

காலையில் ஓடுகிறது, மதியம் ஓடவில்லை என்றால், மின்சாரம் சேமிக்க விண்டோஸ் யுஎஸ்பியைத் தூங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டு கணினி வைத்திருக்கும் கடைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பகிரும்போது, 11பி என்று முடியும் பிழை எண் வரும். 2021-இல் ஸ்பூலரில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்களின் விளைவு அது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். அது அடைத்த ஓட்டையை மறுபடி திறப்பதுதான், செய்யாதீர்கள். அடுத்த பகுதியில் சொல்லும் வழி பாதுகாப்பானது.

9. விண்டோஸ் எதற்கும் மசியவில்லை என்றால்: நடுவில் ஒரு லினக்ஸ் கணினி

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஆர்ம் லேப்டாப், மேக், போன், எல்லாவற்றிலிருந்தும் 1020-இல் பிரிண்ட் எடுக்கலாம். மூலையில் கிடக்கும் 2 ஜிபி ராம் பழைய லேப்டாப் ஒன்று போதும்.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் எச்பிலிப்-இன் (லினக்ஸுக்கான எச்பி பிரிண்டர் மென்பொருள்) வரைகலைத் தொகுப்பை எடுத்து, பிரிண்டரைச் செருகி, எச்பிலிப் டூல்பாக்ஸில் பிரிண்டரைச் சேர்க்கச் சொல்லுங்கள். "பிளகின்" என்ற கூடுதல் இணைப்பு ஒன்றை இறக்கட்டுமா என்று கேட்கும், கட்டாயம் சம்மதியுங்கள். நாம் பேசிய ஃபர்ம்வேர் அதற்குள்தான் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாமல் இந்தப் படியைச் செய்துவிட்டு, நிறுவியும் பிரிண்ட் வரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் எச்பிலிப் அப்டேட் ஆன மறுநாள் பிரிண்ட் நின்றால் பிளகினை மறுபடி இறக்குங்கள்.

இதிலேயே சோதனைப் பக்கம் வந்த பிறகு, பிரிண்டர்ஸ் சாளரத்தின் சர்வர் அமைப்பில் பகிர்வை ஆன் செய்து, 1020 மீது வலது கிளிக் செய்து "ஷேர்டு" என்பதில் டிக் வையுங்கள். ஃபயர்வாலை இயக்கியிருந்தால் 631, 5353 ஆகிய போர்ட்களைத் திறக்க வேண்டும். ரவுட்டரில் இந்த லேப்டாப்புக்கு ஒரே ஐபி எண்ணை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்வெட்டுக்குப் பிறகு எண் மாறி எல்லோரும் பிரிண்டரைத் தொலைப்பார்கள். மூடியை மூடினால் தூங்கும் அமைப்பையும் ஆஃப் செய்யுங்கள்.

இனி அதே வைஃபையில் இருக்கும் விண்டோஸ் 11-இல் "ஆட் டிவைஸ்" கொடுத்தால் பிரிண்டர் தானாக வரும். புள்ளிகளை வரைவதும் ஃபர்ம்வேர் ஏற்றுவதும் லினக்ஸ் லேப்டாப்பின் பொறுப்பு என்பதால், விண்டோஸில் எச்பி டிரைவரே தேவையில்லை. புரொடெக்டெட் பிரிண்ட் மோட் ஆன்-இல் இருந்தாலும் தடையில்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் பிரிண்ட் பட்டியலில் பெயர் தெரியும்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் 1020-ஐ நேராகச் செருகி இதே பலனைப் பெற முயலாதீர்கள். பெரும்பாலான ரவுட்டர்களுக்கு ஃபர்ம்வேர் ஏற்றத் தெரியாது.

10. வேறு மாடல் வைத்திருப்பவர்களுக்கு

பிசிஎல் தெரிந்த லேசர் பிரிண்டர் என்றால் உங்கள் வேலை சுலபம். விண்டோஸோடு வரும் "மைக்ரோசாஃப்ட் பிசிஎல்6 கிளாஸ் டிரைவர்" அல்லது எச்பியின் யுனிவர்சல் பிரிண்ட் டிரைவர் பெரும்பாலும் போதும்.

கேனன் எல்பிபி 2900-உம் 1020 போலத் தனக்கென்று ஒரு மொழி வைத்திருப்பது, அதன் பெயர் கேப்ட். அதற்குரிய 64-பிட் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும். அங்கும் நிறுவி சொல்லும்போதுதான் கேபிளும் பவரும்.

பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு, எழுத்து மட்டும் போதுமென்றால் "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவர். தமிழில் பில் வேண்டுமென்றால் அது உதவாது. பிரிண்டர் எப்சன் மொழியைப் பின்பற்றுகிறதா என்று கையேட்டில் பார்த்து, 9 பின்னா 24 பின்னா என்பதற்கேற்ப எப்சன் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பழைய அகலமான பேரலல் துளை மட்டும் இருந்தால் யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கலாம். செருகியதும் டிவைஸ் மேனேஜரில் "யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்று வர வேண்டும். வராத கேபிளைக் கடையில் அன்றைக்கே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.